பிலோமினா கடைந்த கீரை

12-8-1964, புதன்

குஜிலியம்பாறைக்கு நான் கிராம சேவிகாவாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. சர்க்கார் தந்த கீரை விதையை வீடு வீடாகக் கொடுத்தேன், யாரும் விதைக்கவில்லை. இன்று செம்பட்டி சேவிகா பிலோமினா உதவிக்கு வந்தாள். இந்தத் தெருவில் இருக்கும் காளியம்மாளின் மகளுக்கு மாலைக்கண் என்று கேட்டதும், கொண்டுவந்த கீரையை அவர்கள் அடுப்பிலேயே கடைந்து, குழந்தையோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாயங்காலத்துக்குள் தெருவே விதை கேட்டு வந்துவிட்டது.

"அவுக எங்ககூட உக்காந்து சாப்புட்டாக. நீங்க எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லையேம்மா" என்றாள் காளியம்மாள் என்னிடம்.

டவுனில் இருக்கும் என் ஜாகைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பிலோமினா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். இன்னும் வயிறு எரிகிறது. அந்தக் குழந்தைக்குக் கண் தெளியவேண்டும். தெளிந்தால் பிலோமினா பெயரைத்தானே சொல்வார்கள்.