நூறு கோழிகளும் என் வைத்தியமும்

பட்டாபிராம்
12.7.1991

அன்புள்ள அம்மாவுக்கு,

ஊரார் அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு: உன் மகன் கன்னியப்பன் இப்போது தன் துணியைத் தானே துவைக்கிறான். நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

பண்ணையில் பிராய்லர் குஞ்சுகளுக்குக் கழிச்சல் நோய் வந்தது. நம் வீட்டுக் கோழிக்கு நீ வைக்கும் மஞ்சள், பூண்டு, மிளகுப் பொடியைத் தீவனத்தில் கலக்கலாம் என்றேன்.

"இன்னாடா, கோழிக்கு ரசம் வெக்கப் போறியா?" என்று மேஸ்திரி பால்ராஜ் சிரித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நூறு குஞ்சைத் தனியா குடு நைனா. தோத்தா வேலையை உட்டுப் போயிடறேன்" என்றேன். அதற்காகத்தான் உன்னிடம் பொடி கேட்டேன்.

ஒரு மாதத்தில் அவர் பக்கம் நூற்றுக்கு முப்பது செத்தன. என் பக்கம் இரண்டே. இப்போது எல்லோரும் என்னை டாக்டர் என்கிறார்கள். இந்தப் பண்ணையில் நான் யாருக்கும் பயப்படுவதில்லை!

திங்கட்கிழமை முதல் எல்லாக் கொட்டகைக்கும் பொடி கலக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. உடனே நாலு படி இடித்து அனுப்பு. ஒரு போர்வையும் வை.

இதை மட்டும் அப்பாவிடம் படித்துக் காட்டாதே. நீ அனுப்பிய பொடியில் ஒரு சிட்டிகைகூடக் கோழிக்குப் போகவில்லை. பொட்டலத்தைப் பிரித்ததும் நம் வீட்டு வாசனை அடித்தது. தினமும் சோற்றில் பிசைந்து நானே தின்றுவிட்டேன். தோற்றுவிடுவேனோ என்ற பயத்தில், குஞ்சுகளுக்கு அடியில் எச்சத்தில் நனைந்து கிடக்கும் உமியை மட்டும் தினமும் மாற்றினேன்.

இப்படிக்கு,
உன் நூற்றோராவது கோழி,
கன்னியப்பன்