இரண்டு பேரும் அறுபத்திரண்டு கிலோ

இன்று காலை தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போனேன். மாதா மாதம் போவதுதான். மாத்திரை தருவதற்கு முன்னால் எடை மெஷினில் ஏறி நிற்கச் சொல்வார்கள். நர்ஸ் பெண் குனிந்து பார்த்து, "அறுபத்திரண்டு. கொறையவே மாட்டேங்கறீங்க தாத்தா" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து பழைய லைசென்ஸ் கவரை எடுத்துப் பார்த்தேன். அதற்குள் இரண்டு எடைச் சீட்டு இருக்கிறது. பழுப்பேறி ஓரம் பிய்ந்துவிட்டது. எண் மட்டும் இன்னும் தெரிகிறது.

பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெரிய எடை மெஷின் நின்ற இடம் உனக்கு மறந்திருக்காது. கலர் பல்பு சுற்றும், காசு போட்டால் 'டக்'கென்று ஒரு சீட்டைத் துப்பும். எண்பதுகளின் நடுவில் நீயும் நானும் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஸ்டீயரிங் பிடித்தோம். புளி லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய் வரைக்கும் போவோம். பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்து, லாரியை ஷெட்டில் விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, "வாடா மாப்ளே, நம்ம லோடு எவ்ளோன்னு பாப்போம்" என்று என்னை அதன் மேல் ஏற்றியவன் நீதான். அன்று எனக்கு அறுபத்திரண்டு. உனக்கும் அறுபத்திரண்டு. "தராசுல ஆளுக்கொரு தட்டுல வெச்சாலும் முள்ளு ஆடாதுடா" என்று சொல்லி நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதிலிருந்து ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் அது நமக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. முதல் நாள் சீட்டுக்குப் பிறகு எண் மாறாததைக் கிழித்துப் போடுவோம், மற்றதெல்லாம் என் லைசென்ஸ் கவரில் சேர்ந்தது.

வழியில் எங்கெங்கே வண்டியை நிறுத்தினோம், யார் வீட்டுக் கதவைத் தட்டினோம் என்பதையெல்லாம் இந்த வயதில் எழுத வேண்டாம். ஒன்றை மட்டும் எழுதித்தான் ஆக வேண்டும். நீ போன இடத்துக்கெல்லாம் நானும் போனேன். ஒரு இடம் கூடக் குறைவில்லை.

பிறகு உன் சீட்டு ஐம்பத்தெட்டு காட்டியது. "வூட்டுச் சோறு ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது, அவகிட்ட சொல்லணும்" என்று கிண்டல் செய்தாய். ஐம்பத்து மூன்றில் கிண்டல் நின்றது. விடாத காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாயெல்லாம் வெள்ளை. உன் ஊர் பாப்பிரெட்டிப்பட்டியில் நீ போடாத ஊசி இல்லை. கடைசியில் நான்தான் உன்னை வேலூருக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், சில நாள் கழித்து வரச் சொன்னார்கள். மறுபடி போனபோது உள்ளே தனியாகப் போய்விட்டு வந்து, டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"புதுசா ஒரு பேரு சொல்றாங்கடா. மருந்தே இல்லியாம். பொண்டாட்டிகிட்ட போவக் கூடாதாம்."

டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. "நீயும் ரத்தம் குடுத்துப் பாத்துடு மாப்ளே. வந்ததே வந்துட்ட" என்றாய்.

"எனக்கென்னடா? அறுபத்திரண்டு அப்படியே நிக்குது" என்றேன்.

நீ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றாய். அந்த மெஷின் துப்பிய சீட்டை நாம் இரண்டு பேரும் டாக்டர் சர்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டோம். எனக்கு உள்ளூரப் பயமும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

அன்றிலிருந்து நீ வீட்டுக்குள் படுக்கவில்லை. கிணற்று மேட்டில் மோட்டார் ரூமில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டாய். உன் பொண்டாட்டி ஆரோக்கியமேரி காரணம் கேட்டு அழுதாள், சண்டை போட்டாள், அண்ணன்மாரைக் கூட்டிவந்து பஞ்சாயத்து வைத்தாள். நீ வாயைத் திறக்கவில்லை. பெங்களூர் ரோட்டில் உனக்கு ஒரு கன்னடக்காரி இருக்கிறாள் என்று ஊரே பேசியது. "சொல்லித் தொலையேன்டா" என்று நான் கேட்டதற்கு, "இப்ப சொன்னா ரெண்டு புள்ளைங்களையும் எவன் தொடுவான்? நான் போனப்புறம் நீ சொல்லு அவகிட்ட. எதுக்கு வெளிய படுத்தேன்னு சொல்லு. அது போதும் எனக்கு" என்றாய். நானும் தலையாட்டினேன்.

கடைசிச் சீட்டு நாற்பத்து மூன்று. அன்று மெஷின் மேல் உன்னைத் தூக்கித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. முதல் காய்ச்சல் வந்து மூன்றாம் வருஷம் முடியவில்லை, நீ போய்விட்டாய். கல்லறைக்குத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். பெட்டியில் கனமே இல்லை.

அதற்குள் வேலூர்க் காகிதத்தை யாரோ படித்து, நோயின் பெயர் ஊருக்குள் வந்துவிட்டது. மூன்றாம் நாள் உன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது ஆரோக்கியமேரி என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"அண்ணா, ஒரே லாரியில ஓடுனீங்க. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவல. அவரு மட்டும் எப்பிடி இப்பிடி உருகிப் போனாரு? அவ்ளோ ஆட்டம் ஆடுனாரா?"

அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரியும் அங்கேதான் இருந்தாள். நீ சொல்லச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என் பக்கம் திரும்பியிருக்கும்.

"வண்டிய நிறுத்துனா நான் தூங்கிடுவேன் தங்கச்சி. எனக்குத் தெரியாது" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன், ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. சீக்கிரம் செத்தவன் அதிகம் தப்பு செய்தவன், சாகாமல் இருப்பவன் ஒழுக்கமானவன் என்று அவர்களே கணக்கு முடித்துவிட்டார்கள். லாரிக்குப் போகும் பையன்களிடம் என்னைக் காட்டி, "அதே வண்டிதான், அதே ரூட்டுதான், அந்த மனுசனப் பாரு" என்பார்கள். நான் நல்லபடியாக நடமாடிய ஒவ்வொரு வருஷமும் உன் பெயர் இன்னும் கொஞ்சம் கெட்டது. எனக்கு அது தெரியும்டா. தெரிந்தேதான் இருந்தேன்.

இருபது வருஷம் கழித்து எனக்கு இருமல் வந்தது. காசம் என்றார்கள், கூடவே ரத்தமும் பார்த்தார்கள். எனக்கும் அதுதான். முதலில் நான் நம்பவில்லை. இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு யாருக்குக் கிளம்பும் என்று கேட்டேன். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பித் திரும்பப் பார்த்தார்கள். அதன் பிறகு டாக்டரம்மா, சின்ன வயதுதான், என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"ஐயா, இந்தக் கிருமி எல்லாம் ஒண்ணு இல்லீங்க. ஒண்ணாம் வகை, ரெண்டாம் வகைன்னு இருக்கு. ஒண்ணாம் வகைக்குள்ளயே நெறையக் கிளை இருக்கு, அதுலயும் சிலது வேகம், சிலது நிதானம். ஒங்களுக்கு வந்துருக்கறது ரெண்டாம் வகை. நம்ம பக்கம் அது அபூர்வம். வருஷக்கணக்கா சும்மா கெடக்கும். அடுத்தவங்களுக்கும் அவ்ளோ சுலபமாத் தொத்தாது."

என் வீட்டுக்காரிக்கும் பார்த்தார்கள், இல்லை. நான் ஒரு நாளும் மோட்டார் ரூமில் படுத்தவனில்லை.

நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். சொல்லிவிட்டு, "அதிகமாத் தப்புப் பண்ணவனுக்கு வேகமாப் போவுங்களா?" என்று கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"கிருமிக்கு அதெல்லாம் தெரியாதுங்கய்யா."

உனக்கு வந்தது ஒன்றாம் வகையாக இருந்திருக்கலாம் என்றார். அப்போது மருந்தும் இல்லை. உடம்பு வாகு, சாப்பாடு, வேறு நோய் எல்லாம் சேர்ந்துதான் வேகம் அமையும் என்றார். உன் ரத்தம் எங்கேயும் இல்லாததால் உறுதியாக யாராலும் சொல்ல முடியாதாம். ஆக, ஒரே கதவைத் தட்டிய இரண்டு பேரில் உனக்கு ஒன்று ஒட்டியது, எனக்கு இன்னொன்று ஒட்டியது. அதற்கு மேல் அதில் ஒரு நியாயமும் கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் பாப்பிரெட்டிப்பட்டிக்கு பஸ் ஏற எனக்குப் பல வருஷம் ஆனது. என்னைத் திட்டு.

போன வருஷம்தான் போனேன். ஆரோக்கியமேரி வாசலில் உட்கார்ந்து சுத்தியலால் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நானும் கூடப் போனதை, எனக்கும் நோய் இருப்பதை, மூன்றாம் நாள் சொன்ன பொய்யை, நீ மோட்டார் ரூமில் படுத்த காரணத்தை. சுத்தியல் நிற்கவே இல்லை. கொட்டை தெறித்துக்கொண்டே இருந்தது. மோட்டார் ரூம் என்றதும்தான் நின்றது.

"அதுக்கா வெளிய படுத்தாரு?"

"அதுக்குத்தான் தங்கச்சி."

"அப்புறம் ஒரு ஆபரேசனுக்கு எனக்கும் ரத்தம் பாத்தாங்கண்ணா. ஒண்ணுமில்லன்னாங்க. எப்பிடித் தப்பிச்சேன்னு நானே நெனப்பேன்." கையில் ஒட்டிய புளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவரு செத்தப்ப நான் அழுவல. நீங்களும்தான் பாத்தீங்களே. இப்ப இந்த வயசுல ஒக்காந்து அழுவச் சொல்றீங்களா?"

மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. லைசென்ஸ் கவரிலிருந்து உன் சீட்டுகளை எடுத்து நீட்டினேன். ஐம்பத்தெட்டிலிருந்து நாற்பத்து மூன்று வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து முடித்துக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சீட்டுகளோடு உள்ளே போனாள். நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் வெளியே வரவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்து வந்தேன்.

முதல் நாள் சீட்டை மட்டும் நான் கொடுக்கவில்லை. கொடுக்கத்தான் எடுத்தேன். கவரில் அறுபத்திரண்டு என்று இரண்டு சீட்டு ஒட்டிக் கிடந்தது. ஒன்று உன்னுடையது, ஒன்று என்னுடையது. இன்றும் வேப்பமரத்தடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன் மாப்ளே. எது யாருடையது என்று தெரியவில்லை.