நீல டீயும் அப்பாவின் கடைசி வரியும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. புழுக்கம்.

ஆவடி குவார்ட்டர்ஸ் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் வீட்டுப் பால் டீ இன்று காலை காலமானது. அடக்கம் சமையலறை சிங்கில். அந்த இடத்தில் நீல டீ பதவியேற்பு.

காய்ந்த சங்குப்பூ, கொஞ்சம் சோம்பு, கொதிக்கிற தண்ணீர், வடிகட்டி. அவ்வளவுதான். கண்ணுக்கு நல்லது என்று அம்மாவின் சர்ச் அன்பிய வாட்ஸ்அப் குழுவில் யாரோ வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார்கள். பூசை முடிந்த கையோடு பூந்தமல்லி போய், நாட்டு மருந்துக் கடையில் பூ வாங்கிவிட்டாள். நான் வைத்த பெயர் 'கண்ணீர்'. கண்ணுக்கான நீர்தானே. அம்மாவிடம் கரண்டிக் காம்பால் ஒரு அடி வாங்கினேன்.

எல்லாம் அப்பாவுக்காக. ஃபேக்டரியில் கிரேன் ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை அங்கே கண் பரிசோதனை. கொஞ்ச நாளாகவே வருகிற பஸ்ஸின் நம்பரை என்னிடம்தான் கேட்கிறார். வெளியே டாக்டரிடம் போகலாம் என்று அம்மா கெஞ்சியாகிவிட்டது. கண்ணாடி எழுதிக்கொடுத்தால் கிரேனை விட்டு இறக்கிவிடுவார்களாம். "மேல இருந்தே பழகுனவன் கீழ நின்னு என்னல செய்ய?" தூத்துக்குடியை விட்டு வந்து இத்தனை வருடம் ஆகியும் அந்த 'ல' மட்டும் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அப்பா டம்ளரில் ரகசியமாக எலுமிச்சை பிழிந்தேன். நீலம் ஊதாவாகிவிட்டது. மருந்து முறிந்துவிட்டது என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் பாத்ரூமில் போய்ச் சிரித்தேன். இந்த வட்டாரத்தில் முகத்தை மாற்றாமல் குறும்பு செய்ய என்னை விட்டால் ஆள் இல்லை.

பரிகாரமாக ஒரு நல்ல காரியம். கண் டாக்டர் வைத்திருப்பாரே, பெரிய எழுத்தில் தொடங்கிச் சின்னதாகிக்கொண்டே போகிற அட்டை, அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து பிரிட்ஜ் பக்கவாட்டில் ஒட்டினேன். அப்பா வாசற்படியில் நிற்க வேண்டும். நான் ஸ்கேலால் காட்ட வேண்டும். டீக்குப் பிறகு தேர்வு. பாதிக்கு மேல் போகவில்லை. அம்மா அப்புறமாக அட்டையின் பக்கத்தில் நின்று முழுவதையும் மெதுவாக அவருக்கு வாசித்துக் காட்டினாள். எதற்கு? ஆறுதலுக்காம்.

ஆகஸ்ட் 6, புதன்

சாயங்காலம் நல்ல மழை. கரண்ட் இல்லை.

ஒன்றும் புரியவில்லை. தினமும் ஒரு வரி முன்னேற்றம். இன்று கடைசிக்கு முந்தின வரியும் ஓகே. அம்மா குழுவுக்கு சாட்சி சொல்லிவிட்டாள். பக்கத்து பிளாக்கிலும் நீலம் கொதிக்கிறது. நானும் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தேன். புல் ஊறின வெந்நீர்.

ஆனால் காலையில் பால்கனியிலிருந்து அப்பா "ஏல பிரவீன், ஸ்கூல் இல்லையா?" என்று கத்தினார். கீழே நின்றது தண்ணி கேன் போடுகிறவர். மீசையெல்லாம் உண்டு.

பிரவீன் என் நண்பன், கீழ் வீடு. அவனிடம் சொன்னேன். "உங்க நைனா பாக்கல மச்சான், மனப்பாடம் பண்ணிகினு கீறாரு."

அட. அம்மா வாசிக்க வாசிக்கவா? டீயா, மனப்பாடமா? அப்பாவுக்கே தெரியுமா, தெரியாதா? நாளை தெரியும். வரலாறு காணாத குறும்பு தயார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அதே அளவு, அதே தாள். எழுத்துகள் மட்டும் வேறு. விடிவதற்குள் மாற்றி ஒட்டிவிட்டேன்.

அப்பா டீ குடித்தார். ஒரு கண்ணைப் பொத்தினார். மேலிருந்து கீழ்வரை சொன்னார், ஒரு இடத்திலும் திக்காமல். எல்லாம் பழைய எழுத்து. கடைசி வரி உட்பட.

பிடித்துவிட்டேன். முகத்துக்கு நேரே விழுந்து விழுந்து சிரித்தேன். பிரவீனுக்கும் அப்படியே சொல்லியாயிற்று. "கெத்து மாமே" என்றான்.

பசி இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில்.

அம்மா பிளாஸ்க் நிறைய நீல டீ கொடுத்து அனுப்பினாள். அப்பா விசிலடித்துக்கொண்டே போனார். கிரேன் எதைத் தூக்கும் என்று யோசித்தேன். அதன் கீழே யார் நிற்பார்கள் என்றும். சைக்கிளை எடுத்தேன்.

ஃபேக்டரி கேட் வரிசையில் அப்பாவைப் பிடித்தேன். அட்டையை மாற்றியதைச் சொன்னேன். அடி விழும் என்று தள்ளியே நின்றேன். விழவில்லை.

"மாத்துனியா?" என்றார். வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை. "மொத்தமும் மாத்துனியா? மேல உள்ள பெரிய எழுத்தையுமா?"

ஆமாம் என்றேன்.

"அதையும் பாக்காமலேதான் ஒப்பிச்சிருக்கேனேல." பின்னாலிருந்தவர்களை முன்னே போகச் சொன்னார். "எழுத்து தெளியுதுன்னே நினைச்சேன். சத்தியமா." பிறகு, டாக்டரிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். கண்ணாடி என்றால் கண்ணாடி, கீழே என்றால் கீழே. அம்மாவிடம் அவரே பேசிக்கொள்வாராம். பிளாஸ்க்கை என் கையில் கொடுத்தார்.

கேட்டுக்குள் போனவர் திரும்பி வந்தார்.

"நேத்து அம்மை எல்லாம் சரியான்னு கேட்டாள்ல. நீ என்னல சொன்ன?"

பிளாஸ்க் மூடியை இறுக்கித் திருகினேன்.

நேற்று எழுதியது பொய். சிரிக்கவே இல்லை. அப்பா கடைசி வரியைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். 'எல்லாம் சரி' என்றேன். கையும் தட்டினேன்.