குதிகால் மச்சம்

வெந்நீரில் கல் உப்பும் எலுமிச்சையும் ஷாம்பூவும் கலந்தால் ஒரு வாசனை வருமே, அதுதான் இன்று மதியம் என்னை உன்னிடம் கொண்டுபோய் விட்டது. தினமும் முகர்கிற வாசனைதான். ஆனால் இன்று அந்தத் தொட்டியிலிருந்து காலைத் தூக்கி என் மடியில் வைத்த புது கஸ்டமருக்குப் பெருவிரலுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. ஓ.எம்.ஆரில் ஏதோ கம்பெனியில் வேலை செய்கிற பெண். நான் அதையே பார்ப்பதைக் கண்டு சிரித்தாள். "மச்சம்க்கா. கால்ல மச்சம் இருந்தா ஃபாரின் சான்ஸாம். விசாதான் இன்னும் வரல" என்றாள்.

என் கை நின்றுவிட்டது. முதலாளியம்மா கல்லாவிலிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்டமரைப் பயமுறுத்தக் கூடாது என்பது நம் பார்லர் சட்டம், உனக்குத் தெரியாததா? ஆனாலும் கேட்டேன். பிறந்ததிலிருந்தே இருக்கிறதாம், பெரிதாகவும் இல்லையாம். "எதுக்கும் ஒரு தடவ ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டிடும்மா" என்றேன். ஏன் என்று கேட்டாள், சொன்னேன். பாலிஷ்கூடப் போட்டுக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டாள். முதலாளியம்மா சாயந்தரம் வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

உன்னுடையது பிறவி மச்சம் இல்லை. கால் தேய்க்கிற மெஷின் புதிதாக வந்த அன்று, அதை முதலில் நம் மேலேயே சோதித்துப் பார்த்தோம். அதுவரை நாம் ஒருத்தி காலை ஒருத்தி பார்த்ததே இல்லை என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. கேளம்பாக்கத்தில் இருக்கிற கால்களையெல்லாம் மடியில் வைத்துத் தேய்த்தோம். நம் கால்கள் நாள் முழுக்க நின்று, வெடித்து, யார் கண்ணிலும் படாமல் செருப்புக்குள் கிடந்தன. உன் குதிகாலில் மிளகு அளவுக்கு அது இருந்தது. "இது எப்ப வந்தது?" என்றேன். நீ காலை வளைத்துப் பார்த்துவிட்டுத் துள்ளினாய்.

"யக்கா, மச்சம்! உள்ளங்கால்ல மச்சம் வந்தா கடல் தாண்டுவாங்கன்னு எங்கம்மா சொல்லும். நான் சிங்கப்பூர் போறேன், நீ இங்கியே ஐப்ரோ எடுத்துகினு கெட!"

சொன்னதோடு விட்டாயா? பாஸ்போர்ட் எடுத்தாய். போட்டோவுக்கு என் பட்டுப் புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டு போனாய். மச்சம் வளர்ந்தது. யோகம் வளர்கிறது என்று அதற்கும் சந்தோஷப்பட்டாய். ஓரம் கோணலாகப் பரவி, நடுவில் கறுப்பும் சுற்றிலும் பழுப்புமாக ஆயிற்று. நிற்கும்போது குத்த ஆரம்பித்ததும் கால் ஆணி என்று முடிவுகட்டி மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கொண்டாய். நமக்கெல்லாம் நோய் என்றால் காய்ச்சல் வர வேண்டும், உடம்பு இளைக்க வேண்டும். நீயோ பார்லர் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறிக்கொண்டிருந்தாய்.

உன் மகள் கீர்த்தனாவின் பிறந்தநாளுக்கு மாமல்லபுரம் போனோம். அவள் அப்போது ஒன்பதாவது படித்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீ ஈர மணலில் முன்னால் நடந்தாய். பின்னால் வந்தவள்தான் பார்த்தாள். "அம்மா, உன் ஒரு கால் தடம் மட்டும் செவப்பா கீது." கிளிஞ்சல் குத்தியிருக்கும் என்றாய். அலையில் கழுவிப் பார்த்தோம். கிளிஞ்சல் எதுவும் இல்லை. மச்சத்திலிருந்துதான் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். முடிவைச் சொன்ன டாக்டரம்மா நிதானமானவர். மெலனோமா என்றார். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் அடங்காமல் பெருகுகிற புற்றுநோய் என்று விளக்கினார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். நீ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாய்.

"தோல் கேன்சரு வெயில்லதான் வரும்னு சொல்றாங்களே டாக்டர். உள்ளங்கால்ல ஏது வெயிலு?"

"அது வெள்ளக்காரங்களுக்கும்மா. நம்ம மாதிரி நிறத்துக்காரங்களுக்கு இது வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் வருது. ஏன்னு எங்களுக்கே இன்னும் முழுசா தெரியாது."

தெரியாது என்று சொல்கிற டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று திருப்போரூர் பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். "பாத்தியாக்கா, இத்தினி வருஷமா வரவங்க மூஞ்சிலேருந்து கறுப்ப எடுக்கறேன் எடுக்கறேன்னு கிரீம் பூசினேன். அது கோச்சிகினு வந்து என் கால்ல உக்காந்துகினுது." முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உன்னோடு இருந்தால் ஒழுங்காக அழக்கூட விடமாட்டாய்.

குதிகாலை ஆழமாக வெட்டி எடுத்து, தொடைத் தோலை அதில் வைத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று, "தொடத் தோலாச்சே டாக்டர், குதிகால்ல முடி மொளைக்குமா? மொளைச்சா வேக்ஸிங் நானே பண்ணிக்குவேன்" என்றாய். நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். ஆனால் அந்தத் தோல் தொடையின் தோல்தானே, நிற்பதற்கென்று வந்ததா? கொஞ்ச நேரம் நின்றாலே புண்ணாயிற்று. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து ஐப்ரோ மட்டும் எடுத்தாய், பிறகு அதுவும் முடியவில்லை. வேலையை விட்ட அன்று உன் சீப்பையும் கத்தரிக்கோலையும் என் டிராயரில் போட்டுவிட்டு, ஒரு கிண்டலும் செய்யாமல் படியிறங்கினாய். அன்று எனக்கு யார் மேல் என்றே தெரியாத கோபம் வந்தது.

பிறகு தொடை இடுக்கில் நெறி கட்டியது. அதையும் எடுத்தார்கள். அப்புறம் நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்று ஊசி போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தடவையும் நீ கேள்விகளோடுதான் போனாய். கால்லேருந்து நெஞ்சுக்கு எந்த வழியா போச்சு? இந்த ஊசிக்கு எது கெட்ட செல்லுன்னு எப்படி தெரியும்? யாருக்கோ வந்த நோயைப் பற்றி விசாரிக்கிற மாதிரி கேட்பாய். ஒரே ஒரு கேள்வியில்தான் உன் குரல் உடைந்தது. கீர்த்தனாவை வெளியே தண்ணீர் பிடித்துவர அனுப்பிவிட்டு டாக்டரம்மாவிடம் குனிந்து கேட்டாய். "என் பொண்ணுக்கும் வருமா?"

"அம்மாகிட்டேருந்து பொண்ணுக்கு வர்றது அபூர்வம்மா. ஆனாலும் அப்பப்ப பாத்துக்கிறது நல்லதுதான்."

முதல் பாதி உன் காதில் ஏறவே இல்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் காலைப் பிடித்து மடியில் போட்டுக்கொள்வாய். விரல் இடுக்கு, நகம், குதிகால் எல்லாம் பார்ப்பாய். "பேஜாரு பண்ணாதம்மா, கூசுது" என்று அவள் உதறுவாள். உன் கையில் காலைப் பிடிக்கிற தெம்பு போனபோது என்னைக் கூப்பிட்டாய். "யக்கா, இனிமே நீ பாரு. அவ திட்டுவா, கண்டுக்காத. ஒண்ணும் இல்லன்னா மட்டும் எனக்கு சொல்லு." இருந்தால் என்ன செய்வது என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லடி" என்பேன். கண்ணை மூடிக்கொள்வாய். கடைசியாக உன் காதில் நான் சொன்னதும் அதுதான்.

நீ போன பிறகும் விடவில்லை. கீர்த்தனா இப்போது கல்லூரி போகிறாள், சில ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருவாள். கேள்வி கேட்பதில் உன்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். மச்சத்துக்கும் மெலனோமாவுக்கும் உள்ளே என்ன வித்தியாசம், ஒரு செல் எப்போது கெட்டுப்போக முடிவு செய்கிறது என்றெல்லாம் என்னைக் கேட்கிறாள். எனக்கென்ன தெரியும்? உன் டாக்டரம்மா மாதிரி, தெரியாது என்கிறேன்.

போன வாரம் வந்தபோது அவள் காலைப் பார்த்து முடித்து, "ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. "பெரிம்மா, உன் கால யாரு பாக்கறாங்க?" என்றாள்.

"எனக்கு இன்னாடி வந்துது?"

"அம்மாவுக்கு மட்டும் சொல்லிகினா வந்துது?"

பேச்சோடு பேச்சாக என் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். பெற்ற பெண் மாதிரி இருக்கிறவள் மடியில் காலை வைப்பதா? இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. போன் டார்ச்சை அடித்து, விரல் விரலாகப் பிரித்து, வெடிப்பு ஒன்றில் விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் விரல் நின்ற இடத்தையெல்லாம் நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். இத்தனை வருடம் நின்ற கால், அடியில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

"ஒண்ணும் இல்ல பெரிம்மா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை தடவை அந்த வார்த்தையை உனக்குச் சொல்லியிருப்பேன்? சொன்ன கையோடு அடுப்பில் சோறு இருக்கிறதென்று எழுந்து போயிருக்கிறேன். நீ ஏன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டாய் என்பது, அதை எனக்கு ஒருத்தி சொன்ன அன்றைக்குத்தான் தெரிந்தது.