நடுவில் துடைத்த தகடு

ஜூன் 3, திங்கள்

அல்சூரிலிருந்து ஆடுகோடிக்கு ஒரு மணி நேரம். பட்டறைக்குள் நுழையும்போதே அலுப்பு. தகட்டை அழுத்திக் கிண்ணமாக்கும் பிரஸ்ஸில் இன்று முதல் புது எண்ணெய், தண்ணீரில் கலப்பது. இங்கே இன்ஜினியரான நான்தான் பிடிவாதமாக வாங்க வைத்தேன். பழைய எண்ணெய் ஒட்டிய கிண்ணங்களைக் கழுவிக் கழுவி ராஜலக்ஷ்மியின் விரல்களில் தோல் உரிகிறது, அந்த எண்ணெய் கையுறைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. போன வாரம் டிபன் டப்பாவைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். புதியதைச் சோதித்துப் பார்க்க முதலாளி உமேஷ் ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்.

தகடு முழுவதையும் எண்ணெய்த் தட்டில் முக்கி எடுக்கச் சொன்னேன். பிரஸ் ஓட்டும் க்ளென் வழக்கம்போல நடுவைத் துணியால் துடைத்தார். "நடுவுல வேணாம் மேடம்—"

"கஞ்சத்தனம் பண்ணாதீங்க க்ளென்," என்று வெட்டினேன்.

ஜூன் 4

நூறில் முப்பது கிண்ணம் அடி வளையும் மூலையில் கிழிந்தது.

ஜூன் 5

இன்று நாற்பத்தொன்று. உமேஷ் கேட்டபோது, க்ளென் புது எண்ணெயை ஒழுங்காகப் பூசுவதில்லை என்றேன். பார்த்தேனா? இல்லை. வாயில் வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக பிரஸ் ஓட்டியவரை உமேஷ் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்.

ஜூன் 6

நானே நின்று முக்கி முக்கிக் கொடுத்தேன். இன்னும் கிழிகிறது. இப்போது யார் மேல் பழி போடுவது?

உமேஷ்: "சனிக்கிழமை வரைக்கும் நோடோணா, பாக்கலாம் மேடம். இல்லேன்னா பழைய ஆயில்தான்." ராஜலக்ஷ்மி கேட்டுக்கொண்டிருந்தாள். கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஜூன் 7

பேக்கிங் அறையில் க்ளென் முன்னால் போய் நின்றேன். பெட்டியை ஒட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏன் நடுவுல வேணாம், சொல்லுங்க."

"மேல இருந்து பஞ்ச் அச்சு எறங்கித் தள்ற இடம் மேடம் அது. அங்க வழுக்குனா தகடு அந்த அச்சைப் புடிச்சிக்காது. இழுபட்டு மெலிஞ்சி மூலையில கிழியும். ஓரம் வழுக்கணும், நடு புடிக்கணும். அன்னிக்கே சொல்ல வந்தேன்."

வந்தார். நான்தான் கேக்கலை. படிச்ச திமிரு, வேற என்ன!

ஜூன் 8, சனி

எல்லோர் முன்னாலும் உமேஷிடம் சொன்னேன் — தப்பு என்னுடையது, க்ளென் மேல் பார்க்காமல் பழி போட்டேன் என்று. க்ளென் திரும்ப வந்து, ஒவ்வொரு தகட்டிலும் நடுவைத் துடைத்து நூறு போட்டார். இரண்டுதான் கிழிந்தது. புது எண்ணெய் தங்கிவிட்டது.

ஜூன் 18

"எஸ் மேடம்" தவிர க்ளென் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஜூலை 9

தங்கை கல்யாணத்துக்குப் போய் வந்த ராஜலக்ஷ்மியின் இரண்டு கையிலும் மருதாணி. "எரியலையா?" என்றேன். "இல்ல மேடம், பாருங்க," என்று விரல்களை விரித்தாள். ஓடிப்போய்க் க்ளெனிடமும் காட்டினாள். வாய் நிறையச் சிரித்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அடுத்த தகட்டை எடுத்தார்.