முப்பத்தோராம் பக்கத்து முதுகுகள்

மறுபதிப்பின் முதல் பிரதி நேற்று கூரியரில் வந்தது. உறையைக் கிழித்ததும் பசை வாசனை மூக்கில் ஏறியது. நம் புத்தகம்தான், அதே அட்டை. உன் பெயருக்கு முன்னால் மட்டும் 'அமரர்' என்று சேர்த்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்ட எனக்கு அரை நாள் ஆயிற்று.

"குழந்தைகளே, கேளுங்கள்!" என்று ஆரம்பிக்கிற பழைய பாணி வரலாற்றுக் கதை இந்தக் காலத்தில் யாருக்கு வேண்டும் என்று எல்லோரும் சிரித்தார்கள். நமக்கு வேண்டியிருந்தது. நான் எழுதுவேன், நீ படம் வரைவாய். எழுதியதை ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறியதும் நீ சத்தமாக வாசிப்பாய். கொளவாய் ஏரி வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவராவது காது கொடுக்காவிட்டால், செங்கல்பட்டில் இறங்கியதும் அந்த அத்தியாயம் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். அது நாம் போட்டுக்கொண்ட சட்டம். எத்தனை மாமன்னர்கள் அந்த பிளாட்பாரத்தில் வீரமரணம் அடைந்தார்கள்!

மாமல்லபுரம் அத்தியாயத்தில், 'மன்னர் ஆணையிட்டார். பாறை ரதமாயிற்று' என்று எழுதிவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாராட்டுவாய் என்று நினைப்பு.

"இன்னா மச்சான், ராசா வாயத் தொறந்தாரு, கல்லு தானா ஒடைஞ்சிகிச்சா? எங்க நைனாவ ஒரு நாளு குவாரில வந்து பாரு" என்றாய்.

அடுத்த வாரம் ஒரு படத்தோடு வந்தாய். உளியும் சுத்தியுமாக மூன்று பேர், பக்கம் நிறைய. நடுவில் உன் அப்பா. கல்தூசிக்கு இடுக்கிய கண், கன்னத்துத் தழும்பு, எதையும் நீ விடவில்லை. இரண்டு பக்கமும் உன் சித்தப்பாக்கள். ராஜா தூரத்தில், குடைக்கு அடியில், கட்டைவிரல் உயரத்தில் நின்றார்.

"மூஞ்சி வேணாண்டா. திரும்பி நிக்கிற மாரி வரைஞ்சிடு. பதிப்பகத்துல ஒத்துக்கமாட்டாங்க" என்றேன்.

"நைனா மூஞ்சியாச்சும் இருக்கட்டும்டா" என்றாய். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பதிப்பகத்தில் நான் கேட்கவே இல்லை. நீ இருந்தவரை இதை உன்னிடம் சொல்லவும் இல்லை. அந்த மூன்று முகங்கள் இருந்தால் எந்தக் குழந்தையும் என் வாக்கியத்தைப் படிக்காது என்கிற பொறாமை, வேறொன்றுமில்லை. நீ மறுபேச்சில்லாமல் மூன்று முதுகுகளை வரைந்து கொடுத்தாய். முதல் படத்தை என்ன செய்தாய் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. போன ஆடியில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறிப் போனவன், வீடு திரும்பவில்லை.

இன்று காலை, உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, பிரதியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. எழுத்து என்றைக்குமே தெரியாது. ஆனாலும் தாள்களைத் தள்ளித் தள்ளி முப்பத்தோராம் பக்கத்தில் நிறுத்தினார். நடு முதுகின்மேல் விரலை வைத்தார்.

"இது நானு. எம்புள்ள வரைஞ்சது."

"மூஞ்சி தெரியலியே நைனா" என்று ஆரம்பித்தேன்.

"நானும் கேட்டேன் அவன. 'வேலைல கீறவன் திரும்பிப் பாப்பானா நைனா, ராசாவே வந்து நின்னாலும் பாக்கமாட்டான்'னான். வாஸ்தவந்தான? நான் அப்படித்தான் வேலை செஞ்சேன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவர் கையில் உன்னுடையது என்று மிச்சமிருப்பது அந்தப் பெருமை ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கவா? கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ ஒரு வார்த்தை என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அவரிடம் திட்டு வாங்கி, காலில் விழுந்து எழுந்திருப்பேன். இனி நான் போகிறபோதெல்லாம் அவர் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுவார். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், மச்சான்.