மாப்பிள்ளையை மடக்குவது எப்படி

மார்ச் 3, செவ்வாய்

தங்கை போனில் அழுதாள். வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலையை மூடியதிலிருந்து மாப்பிள்ளை சோஃபாவை விட்டு எழுவதே இல்லையாம். சவரம் இல்லை, பேச்சு இல்லை. பயமாக இருக்கிறது என்றாள். "நீ காலேஜ்ல தத்துவம்தானே சொல்லிக்கொடுக்கிற? வந்து அவருக்கு ரெண்டு வார்த்தை சொல்லேண்ணா."

இத்தனை வருஷத்தில் என் பாடத்தை யாரும் அவசரத்துக்குக் கூப்பிட்டதில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

மார்ச் 5

கடமை, விடுதலை, மன அமைதி — தெரிந்த சரக்கையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். மாப்பிள்ளை படுத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாயைத் திறந்தார். "எல்லாரும் சாகத்தான் போறோம் மச்சான். அப்புறம் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். விடைத்தாள் திருத்திப் பழகிய வாய், சும்மா இருக்குமா? "அதுலேர்ந்து இது வரலையே மாப்ள. சாவு வருதுன்னா அர்த்தம் இல்லைன்னு எப்படி ஆகும்? நடுவுல ஒரு படியை விட்டுட்டீங்க."

தங்கை முறைத்த முறைப்பில் நான் சாம்பலாகாதது அதிசயம். ஆனால் மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். "எப்படி வரல? சொல்லுங்க."

மார்ச் 6

சொன்னேன். மனுஷன் மசியவில்லை.

மார்ச் 11

இன்று என்னை மடக்கிவிட்டார்! "சரி, செத்தாலும் அர்த்தம் இருக்கலாம்னே வெச்சுக்குவோம். இருக்கலாம்னா, இருக்குன்னு ஆயிடுமா? இப்ப நீங்கதான் படியை விட்டீங்க."

சமையலறையில் தங்கை சிரிப்பது கேட்டது. என் மாணவர்களில் ஒருத்தராவது இப்படிக் கேட்டிருப்பாரா? அவர் சவரம் செய்திருந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மார்ச் 14

பதில் இன்னும் அகப்படவில்லை. தத்துவம் வாழ்க்கைக்கு அர்த்தம் தருமா? எனக்கு இந்த வாரம் தலைவலிதான் தந்திருக்கிறது. ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 17

புதிதாக மூன்று வாதங்களோடு போய் நின்றால், ஆள் வீட்டில் இல்லை. ஜன்னல் கண்ணாடி போடும் கடையில் வேலை கேட்கக் காலையிலேயே கிளம்பிவிட்டாராம்.

"நான் வருவேன்னு தெரியுமில்ல? சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்று கோபப்பட்டேன். நிஜமாகவே கோபம்.

"என்கிட்ட சொல்லுண்ணா, நான் கேக்கிறேன்" என்று தங்கை எதிரே வந்து உட்கார்ந்தாள். முதல் வாதத்தை ஆரம்பித்தேன். பாதியில் பார்த்தால், நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். எத்தனை வாரத்துத் தூக்கமோ. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.